வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு

பாடகர் மணிமொழியன் கடைசியாக ஒரு தடவை பாடிவிட்டு ஓய்வு பெறப்போகிறார் என்ற செய்தி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த அன்று, என் மனைவி கண்மணி குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். சொன்னால் இருபத்தேழு வருஷத்துக்கு முந்திய கதை வெளியே வரும்.

அந்தக் கதையை நானே சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னால் நீளும். மணிமொழியன் அப்போது கிள்ளான் பட்டணத்துக்கு வந்திருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். இரண்டு டிக்கெட் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். தோட்டத்திலிருந்து லோரி மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பும். மணி இரண்டுதானே ஆகிறது, ஒரே ஒரு குவளை கள் குடித்துவிட்டு வரலாம் என்று போனேன். ஒரு குவளைக்கும் மூன்று மணிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. நான் திரும்பி வந்தபோது லோரி போயிருந்தது. கண்மணி பட்டுப்புடவையோடு, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். கொண்டையிலிருந்த மல்லிகையை எடுத்து ஆட்டுக்குப் போட்டிருந்தாள். ஆடு என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சண்டை நடந்தாலும், தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றிய சண்டையாக இருந்தாலும், கடைசியில் அந்த லோரி வந்து வாசலில் நிற்கும்.

அதனால் இந்தத் தடவை அவளை எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். பாடகருக்கு எழுபத்து நான்கு வயது. இன்னொரு கடைசித் தடவை வைக்கமாட்டார்.

பக்கத்து வீட்டு காப்ரியல் செரண்டாவில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். உலகத்தில் புதிதாக எது வந்தாலும் முதலில் அவன் போனில்தான் வரும். அவன்தான் 'மேடை' என்ற ஆப்பை என் போனிலும் இறக்கிக் கொடுத்தான். எங்கே என்ன நிகழ்ச்சி, எந்தக் கடையில் டிக்கெட் மிச்சம் இருக்கிறது என்று தேடிச் சொல்லும் ஆப்.

"அண்ணே, இப்பதான் தமிழ்ல வுட்டிருக்கானுங்க. புதுசா என்னென்னமோ வசதி போட்டிருக்கான். நீங்கதான் படிச்சவராச்சே, பாத்துக்குங்க."

படித்தவர் என்று அவன் சொன்னது கிண்டல். நான் நாற்பத்தாறு வயதில்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். அதற்கும் உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. என் மச்சான் உமாபதி குடும்ப வாட்சப் குழுவில் என்னைப் பற்றி என்ன எழுதுகிறான் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டேன். பழகாமலே இருந்திருக்கலாம்.

நாள் முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையை அண்ணாந்து அண்ணாந்து வெட்டிவிட்டு வந்து, கழுத்தைக் கீழே இறக்க முடியாமல் போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் புதிய வசதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். 'உங்கள் அருகில்' என்பதைத் தொட்டேன். தஞ்சோங் காராங்கில் நெல் அறுவடைத் திருவிழா என்று காட்டியது. அனுமதி இலவசம். வயலைப் பார்க்க டிக்கெட் தேடும் ஆப் எதற்கு? அடுத்தது 'இருக்கையிலிருந்து மேடை எப்படித் தெரியும்'. அதைத் தொட்டால் படம் வந்தது. ஒரு இருக்கையிலிருந்து பார்த்தால் தூண் மட்டும்தான் தெரிந்தது. நேர்மையான ஆப்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு 'சேர்ந்த இருக்கைகள் மட்டும்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அழுத்தமாக ஒரு டிக் போட்டேன். நான் ஒரு பக்கம், கண்மணி ஒரு பக்கம் உட்கார்ந்து பாட்டுக் கேட்கவா இத்தனை பாடு?

மணிமொழியன் என்று தேடினேன். டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டது என்று வந்தது. ஆனால் அதற்குக் கீழேயே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான்: 'உங்கள் பெயரைக் கொடுங்கள்.'

கொடுத்தேன். உடனே பதில் வந்தது. "நல்லசாமி, உங்கள் பெயர் பட்டியலில் உள்ளது. வரிசை எண் 412. எண் வரும்போது அழைப்போம்."

தோட்டத்தில் நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்த நடைமுறை ஒன்றுதான். விடியற்காலையில் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்புக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் மேஸ்திரியான மண்டோர் பட்டியலைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். பட்டியலில் பேர் இருந்தால் அன்றைக்கு வேலை இருக்கிறது. பேர் இருந்தும் வேலை இல்லை என்று எந்த மண்டோரும் எங்களைத் திருப்பி அனுப்பியதில்லை. அப்படி அனுப்பினால் அன்று மாலை அவருடைய மோட்டார் சைக்கிளுக்குக் காற்று இருக்காது. எதற்காவது காசு பிடிப்பதென்றால் மாசக் கடைசியில் சம்பளத்தில் அவர்களாகவே பிடித்துக்கொள்வார்கள். ஆகவே எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பேர் இருக்கிறது, எண் இருக்கிறது, அழைப்போம் என்று எழுதியே கொடுத்துவிட்டான்.

"டிக்கெட் எடுத்தாச்சு புள்ள" என்று கண்மணியிடம் சொன்னேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க, காட்டுங்க."

போனைக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். "நானூத்திப் பன்னெண்டு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டாள்.

காப்ரியலின் மனைவி மாடில்டா லயத்துக்கே ரவிக்கை தைப்பவள். பழைய ரவிக்கை இப்போது கண்மணியின் ஒரு கைக்குத்தான் பத்தும் என்பதால் புதிதாக அளவெடுத்தாள். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க்கா, இந்தத் தடவ ஆட்டுக்கு என்னா வாங்கிக்கிட்டுப் போறீங்க?"

"இந்தத் தடவ ஆடு இல்லாட்டி இந்த மனுசனையே மேய வுட்டுடுவேன்லா" என்றாள் கண்மணி. நான் இதே வீட்டில்தான், இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வாரம் லயமெங்கும் நானூற்றுப் பன்னிரண்டு என்றுதான் பேச்சு. நான்கு நம்பர் லாட்டரிக்காரர்கள் முன்னால் ஒரு சுழியம் சேர்த்து அதை எழுதினார்கள். வரவில்லை. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி நிகழ்ச்சி. ஷா ஆலாமில் ஒரு பெரிய மண்டபம். காப்ரியல் தன் வேனில் எங்களைக் கொண்டுபோய் இறக்கினான். ஒன்றரை மணிக்கே போய்விட்டோம். வழியில் கள்ளுக்கடை எதுவும் வரக்கூடாது என்று கண்மணி அவனைச் சுற்றுப்பாதையில் ஓட்டவைத்தாள். நான் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அது அவளுக்கும் தெரியும்.

வாசலில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் போன்களை வாங்கிப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். அட்டையில் ஃபியோனா என்று இருந்தது. எங்கள் முறை வந்தது.

"அங்கிள், டிக்கெட் காட்டுங்க."

காட்டினேன். அவள் தன் கருவியை அதன் மேல் பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. குனிந்து பார்த்தாள்.

"அங்கிள், இது டிக்கெட் இல்ல. இது வெயிட்டிங் லிஸ்ட்."

"பேரு இருக்காம்மா?"

"பேரு இருக்கு."

"நம்பரு?"

"இருக்கு அங்கிள், பட்—"

"அப்பறம் என்னா? ஆளு வந்திருக்கேன். கூப்புடு."

"அப்படிக் கூப்புட முடியாது அங்கிள். யாராச்சும் டிக்கெட்டத் திருப்பிக் குடுத்தாதான் ஒங்களுக்கு வரும். ஒங்களுக்கு இன்னும் வரல. சாரி லா."

எனக்குப் பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி முணுமுணுத்தார்கள். நாங்கள் ஒதுங்கினோம். கண்மணி கொண்டையிலிருந்த மல்லிகையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். நல்லவேளை, ஷா ஆலாமில் ஆடு இல்லை.

"புள்ள, கொஞ்சம் பொறு..."

"நான் பொறுக்காமயா இருக்கேன்? இருவத்தேழு வருசமா அதான பண்றேன்."

அப்போதுதான் தூணோரமாக நின்ற ஒரு ஆள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வெள்ளை வேட்டி, கைக்கடிகாரம், பக்கத்தில் கோபமாக ஒரு மனைவி.

"அண்ணே, ஒங்களுக்கு எத்தன?"

"நானூத்திப் பன்னெண்டு."

"எனக்கு முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு. நான் பாலகிருஷ்ணன், கலும்பாங். இவ என் வீட்டுக்காரி லெட்சுமி. பேரு குடுத்தாச்சு, போலாம்னு கூட்டியாந்தேன்."

"கூட்டியாந்தாரு" என்றாள் லெட்சுமி. "ரெண்டு பஸ்சு, ஒரு ரயிலு. ஆளப் பாரு, பொண்ணு பாக்கப் போற மாதிரி வேட்டி."

பார்த்தால் தூணோரமெல்லாம் எங்கள் ஆட்கள்தான். எல்லாரும் வடக்குச் சிலாங்கூர்த் தோட்டங்கள், எல்லாரும் என் வயது, எல்லாரும் ஜோடி ஜோடியாக, கையில் போன், போனில் எண். ஒரு ஆள்கூட டிக்கெட் வாங்கியிருக்கவில்லை. அத்தனை பேரும் பேர் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். நாற்பது வருஷம் பெரட்டில் நின்ற உடம்புகள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. முட்டாள்தனம் ஒரு ஆள் செய்தால்தான் அவமானம். பதினெட்டு பேர் செய்தால் அது கோரிக்கை.

"வரிசையா நில்லுங்க" என்றேன். "நம்பர் சின்னது முன்னால."

அடுத்த நிமிஷம் மண்டபத்து முற்றத்தில் இரண்டு நேர்வரிசை நின்றது. யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. முன்வரிசையில் ஆண்கள், பின்வரிசையில் பெண்கள். கண்மணி எனக்கு நேர் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் பிடரியில் பட்டது. அது சாதாரண மூச்சு இல்லை.

ஃபியோனா பயந்துபோய் யாருக்கோ போன் செய்தாள். உள்ளேயிருந்து ஒரு ஆள் ஓடிவந்தான். முப்பது வயது இருக்கும். சட்டையிலேயே 'மேடை' என்று அச்சடித்திருந்தது.

"நான் திவாகரன். இந்த ஆப்போட புது ஃபீச்சர்ஸ் எல்லாம் எங்க டீம்தான் பண்ணுது" என்றான். வரிசையைப் பார்த்தான். "இது... என்னா இது?"

"பெரட்டு தம்பி" என்றார் பாலகிருஷ்ணன். "லிஸ்டு ஒங்கிட்டதான இருக்கு? பேரக் கூப்புடு."

அவன் ஒன்றும் புரியாமல் முதல் ஆளின் போனை வாங்கிப் பார்த்தான். அடுத்த போன். அதற்கடுத்தது. ஐந்தாவது போனுக்கு வந்தபோது தலையில் கைவைத்தான்.

"அங்கிள், எல்லாரும் 'சேர்ந்த இருக்கைகள் மட்டும்'னு டிக் போட்டிருக்கீங்க. ஏன்?"

"தனியா எவன் வருவான்?" என்றேன்.

"ரெண்டு வாரமா திரும்பி வர்றது எல்லாம் ஒத்த ஒத்த சீட்டு அங்கிள். நீங்க சேத்துதான் வேணும்னு சொன்னதால ஆப் ஒங்கள எல்லாம் தாண்டிப் போயிருச்சி. இப்ப எண்ணூத்திச் சொச்சம் நம்பருக்குப் போயிட்டிருக்கு. கே.எல். டவுன்ல உள்ளவங்க தனித்தனியா எடுத்துட்டாங்க."

அவன் என் போனில் எதையோ தட்டிக் காட்டினான். ஒன்பது தடவை என் பேரைத் தாண்டிப் போயிருந்தது. ஒன்பது தடவை கண்மணி உள்ளே போயிருக்கலாம். நான் அழுத்தமாகப் போட்ட அந்த டிக் கதவைச் சாத்திவிட்டிருந்தது. பின்னாலிருந்து கண்மணி எட்டிப் பார்த்தாள்.

"அது என்னா ஒம்போது?"

"ஒண்ணுமில்ல புள்ள."

"ஒம்போது சீட்டு வந்திச்சி ஆன்ட்டி. அங்கிள் வேணாம்னு சொல்லிட்டாரு" என்றான் திவாகரன். கொஞ்சமும் இரக்கம் இல்லாத பயல்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது.

"இப்ப என்னா செய்யலாம்?" என்று கேட்டேன்.

"டிக்க எடுத்துடலாம். நிகழ்ச்சிக்கு முன்னால கடைசி அரைமணி நேரம் யார் நேர்ல வந்திருக்காங்களோ அவங்களுக்கு முதல்ல போற மாதிரி வெச்சிருக்கோம். அதுவும் புது ஃபீச்சர்தான். ஆனா வந்தா ஒண்ணுதான் வரும் அங்கிள்."

டிக்கை எடுத்தான். வரிசையில் எல்லாருக்கும் எடுத்துக்கொண்டே போனான். நாங்கள் போனைக் கையில் பிடித்தபடி, கோழி முட்டையிடுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டே முக்காலுக்கு பாலகிருஷ்ணன் போன் மணியடித்தது. அவர் அதைப் படித்து முடிப்பதற்குள் லெட்சுமி கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஏய், எனக்கும்—"

"ஒங்களுக்கு வேட்டி இருக்கு. அத வெச்சிக்கிட்டு நில்லுங்க." போய்விட்டாள்.

இன்னும் மூன்று பேருக்கு வந்தது. மணி மூன்றாக நாலு நிமிஷம். உள்ளே வாத்தியம் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது. நான் வேண்டாத சாமி இல்லை. காப்ரியலின் சாமியையும் விடவில்லை.

போன் மணியடித்தது. 'ஓர் இருக்கை. ஐந்து நிமிடத்திற்குள் உறுதி செய்யவும்.'

எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு நிமிஷம் போனது. பணம் கட்ட ஒரு நிமிஷம். எனக்கு மணிமொழியன் மேல் பெரிய ஆசை இல்லை. உண்மையைச் சொன்னால் அவர் பாடுவது எனக்குச் சளி பிடித்த மாதிரிதான் கேட்கும். திரும்பி கண்மணியிடம் நீட்டினேன்.

"ஒண்ணுதான் வந்திச்சி. போ."

நீங்களும் வாங்க என்றோ, நீங்க இல்லாம எப்படி என்றோ ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். போனை வாங்கினாள், புடவையைத் தூக்கிப் பிடித்தாள், ஓடினாள். முட்டி வலி என்று மூன்று மாதமாக என்னைக் கடைக்கு விரட்டியவள், அந்த முற்றத்தை ஓடிக் கடந்தாள். கதவு சாத்திக்கொண்டது. மூன்று மணி ஆகப்போகிறது என்று அவள் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

மிச்சமிருந்த ஆட்கள் ஓரமாகப் படியில் உட்கார்ந்தோம். எங்களை இறக்கிவிட்டுப் போயிருந்த காப்ரியல் திரும்பி வரும்போது பிசாங் கோரேங் வாங்கிவந்தான். திவாகரனுக்கு எங்களை விட்டுப் போகவும் முடியவில்லை, உள்ளே போகவும் மனசில்லை. வாழைப்பழப் பொரியலைத் தின்றுகொண்டே கேட்டான்:

"அங்கிள், அடுத்த அப்டேட்டுக்கு உங்களுக்கு என்னா ஃபீச்சர் வேணும்? சும்மா சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

அதைக் கேட்டிருக்கக்கூடாது.

"பாட்டு தொடங்கறதுக்கு முன்னால எத்தன பட்டம் வாங்குன டத்தோ பேசுவாங்க, எத்தன மாலை போடுவாங்கன்னு காட்டணும்" என்றார் பாலகிருஷ்ணன். "அதுக்கேத்த மாதிரி வந்துக்குவோம்."

"என் மச்சான் எந்த வரிசையில ஒக்காந்திருக்கான்னு காட்டணும்" என்றேன் நான். "அதுக்கு நேர் எதிர் மூலையில எனக்கு இடம் வேணும்."

"கழிவறை வரிசை எவ்ளோ நீளம்னு."

"எனக்கு முன்னால ஒக்கார்றவன் எவ்ளோ ஒசரம்னு."

"பேரு குடுத்தா பேருதான் குடுத்திருக்கோம், சீட்டு இல்லன்னு செவப்பு எழுத்துல, ரெண்டு வெரல் அகலத்துல போடணும்" என்றான் காப்ரியல். அவன் மட்டும்தான் உருப்படியாகச் சொன்னான். அவனுக்கு எண் இல்லை, நிதானம் இருந்தது.

திவாகரன் மச்சான் விஷயத்தைக்கூட எழுதிக்கொண்டான்.

ஐந்தரை மணிக்குக் கதவு திறந்தது. கூட்டத்தோடு கண்மணி வந்தாள். முகம் சிவந்திருந்தது. மல்லிகை கொஞ்சம் சரிந்திருந்தது, ஆனால் கொண்டையிலேயே இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"எப்படி?"

"கெழவனுக்குத் தொண்ட போயிருச்சிங்க. ரெண்டு பாட்டுதான் முழுசாப் பாடினாரு. மத்ததெல்லாம் நாங்கதான் பாடினோம்." குரல் கட்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு கட்டிய குரல்.

"எடம் நல்ல எடமா? தூணு கீணு?"

"நல்லாத் தெரிஞ்சிச்சி. தாராளமாவும் இருந்திச்சி. பக்கத்து சீட்டுக்கு ஆளே வரல. கடைசி வரைக்கும் காலி. பைய அதுமேலதான் வெச்சிருந்தேன்."

வேனின் கதவைத் திறந்துகொண்டிருந்த காப்ரியல் நின்றான். நானும் நின்றேன்.

"காலியா?"

"ம்."

"ஏ புள்ள, என் போன் ஒங்கிட்டதான இருந்திச்சி? காப்ரியலுக்கு ஒரு போன் அடிச்சிருந்தா நான் வந்திருப்பேன்ல? அந்தப் பையன் இங்கதான பழம் தின்னுக்கிட்டிருந்தான், அவன்கிட்டச் சொன்னா உள்ள வுட்டிருப்பான்ல?"

கண்மணி வேனில் ஏறி உட்கார்ந்து, புடவை மடிப்பைச் சரிசெய்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடிச்சிருக்கலாம்" என்றாள்.

கோல சிலாங்கூர் வரும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெல்லப் பாடிக்கொண்டே வந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சண்டைகளில் அந்த லோரி வருவதில்லை. இப்போது வருவது அந்தக் காலி இருக்கை. ஒவ்வொரு தடவையும் அதை நான்தான் கொண்டுவருகிறேன்.